சாயக்காரன் வீட்டு வெள்ளை மடல்

நறுக்... நறுக்... நறுக்...

காகிதத்துக்குள் கத்தரிக்கோல் நடக்கிற சத்தம் இது. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், தாழைநகர் என்றொரு கடற்கரை ராஜ்ஜியத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வீடு இந்தச் சத்தம் கேட்கும். எல்லாரும் கேளுங்கள், சின்னவர்களும் பெரியவர்களும்.

புன்னை பூக்கும் நாளுக்கு முந்தின நாள் அது. மனசில் ஒருவரை வைத்திருப்பவர்கள் அன்றைக்கு ஒரு நேசமடல் செய்வார்கள். காகிதத்தை மடித்து வெட்டிச் சரிகை போலாக்குவார்கள். மயில் வரைவார்கள், மீன் வரைவார்கள். தன் முடியில் ஒரு இழையை வைத்துத் தைப்பவர்களும் உண்டு. பெயர் மட்டும் எழுதக்கூடாது. மடலை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். அது யார் கைவேலை என்று வாங்கியவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிடித்திருந்தால், மடலின் நடுவில் இருக்கும் பூவை மட்டும் கத்தரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பூ வந்தால் சம்மதம். வராவிட்டால் இல்லை.

நடுவில் பூவின் வடிவத்தில் ஓட்டை விழுந்த அந்த மடல்களைத் தாழைநகர்க்காரர்கள் சாகும்வரை பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அந்த ஊரில் கோதை என்று ஒரு பெண். சல்லடை பின்னுவது அவள் தொழில். ஒவ்வொரு சல்லடையையும் முடித்ததும் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண் சீராக இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் புருஷன் எயினன் படகு ஓட்டுகிறவன். படகும் துடுப்பும் வெட்டி அவன் செய்த மடல் அவள் பெட்டியில் இருந்தது.

ஒரு நாள் காலை பெட்டியைத் திறந்தாள். மடல் இல்லை. கூரை ஓட்டைவழியாக ஒரு நீலப் பறவை பறந்து போனது.

மத்தியானம் எயினன் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, இது யார் வீடு? என் வலை இங்கே காய்கிறதே?"

"விளையாடாதீங்க. கால் கழுவிட்டு வாங்க."

அவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். சாப்பிட்டான். "நல்ல கை உங்களுக்கு. உங்க வீட்டுக்காரர் கொடுத்து வைத்தவர்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, படகில் படுக்கப் போய்விட்டான்.

கோதைக்கு வாய் ஓயாத சுபாவம். அன்று முழுக்க அவள் பேசவில்லை.

மறுநாள் கூரையின் மேல் பொரித்த மீன் ஒன்றை வைத்து, அதன் மேலே பெரிய சல்லடையைச் சாய்த்து வைத்தாள். பொத்தென்று சல்லடை கவிழ்ந்தது. உள்ளே நீலப் பறவை.

"விடு என்னை! நான் மீன்கொத்தி!"

"மீன்கொத்தி பொரித்த மீனா தின்னும்?"

"நான் வேறு வகை மீன்கொத்தி. கா... இல்லை, கீ!"

"காக்காய்தானே நீ?"

பறவை தலையைத் தொங்கப் போட்டது. "ஆமாம் தாயே. நீலக்கை மாயவன் பிடித்துச் சாயத்தில் முக்கிவிட்டான். சொந்தக்காரர்கள் ஒருத்தரும் என்னோடு பேசுவதில்லை. அவனுக்காகத்தான் மடல் திருடுகிறேன். அவன் நீலத்தில் தோய்த்த மடல் எதுவோ, அதைச் செய்தவன் தன் நேசத்தை மறந்துவிடுவான். அடுத்த புன்னை பூத்துவிட்டால் அந்த மறதி நிரந்தரம்."

"புன்னை பூக்க எத்தனை நாள்?"

"மூன்று."

"வழி சொல்லு."

"மூன்று உப்பளம் தாண்டு, மூன்று ஓடை தாண்டு, மூன்று மணல்மேடு தாண்டு. அங்கே ஒரு தெருவின் கடைசியில் ஜன்னலே இல்லாத வீடு வரும்."

மூன்று உப்பளம் தாண்டினாள், மூன்று ஓடை தாண்டினாள், மூன்று மணல்மேடு தாண்டினாள். மறுநாள் காலை வெயிலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். காகம் அவள் தோளில் உட்கார்ந்திருந்தது.

உள்ளே ஒரே இருட்டு. ஒற்றை அகல் எரிந்தது. சாயத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு கிழவன் இருந்தான். முழங்கைவரை இரண்டு கையும் நீலம். அவன் தலைக்கு மேலே கயிறு கயிறாக மடல்கள் தொங்கின. எல்லாம் ஒரே நீலம்.

"என் மடலைக் கொடுங்க, பெரியவரே."

"எடுத்துக்கொள். மூன்று தடவைதான் கை வைக்கலாம். மூன்றிலும் தவறினால், உன் பெயர் உனக்கே மறந்துபோகும். சம்மதமா?"

"சம்மதம்."

ஒன்றை எடுத்தாள். இரண்டு மீன். அவளுடையது இல்லை. இன்னொன்றை எடுத்தாள். படகு இருந்தது, துடுப்பு இல்லை.

"இன்னும் ஒன்று" என்றான் மாயவன்.

கோதை நிமிர்ந்து பார்த்தாள். ஆயிரம் மடல் இருக்கும். இருட்டில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே ஒரு மடல் மட்டும் வெள்ளையாகத் தொங்கியது.

"அது ஏன் வெள்ளை?"

காகம் அவள் காதில் சொன்னது: "தினமும் அதைப் பார்ப்பான். பார்த்துவிட்டுத்தான் சாயம் கலக்குவான்."

மாயவன் முகம் சுளித்தான். "அதுவா? எனக்கு வந்த மடல். பத்தொன்பது வயதில், இதே வீட்டு வாசலில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து விளக்கருகே விரித்தேன். மயிலும் இல்லை, மீனும் இல்லை. ஒரு சொட்டு நிறம் இல்லை. வெறும் காகிதம். சாயக்காரன் மகனுக்கு நிறமில்லாத மடல்! ஊரே கூடிக் கேலி செய்திருக்கிறது. எனக்கு வராதது யாரிடமும் இருக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்."

கோதை கொஞ்ச நேரம் யோசித்தாள். தன் மடல் கிடைத்தால் தன் புருஷன் மட்டும் திரும்புவான். கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. இந்த நீலம் எல்லாமே அந்த வெள்ளையில் ஆரம்பித்திருக்கிறது.

"மூன்றாவது அதுதான்."

"அது உன்னுடையது இல்லை, பெண்ணே!"

"தெரியும். வெளியே கொண்டுபோய்ப் பார்க்கலாமா?"

"எங்கே வேண்டுமானாலும் பார். உன் பெயரை ஒருமுறை சொல்லிக்கொள், இனி கிடைக்காது" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

வாசலில் நின்று மடலைத் தடவினாள் கோதை. விரல் நுனியில் பொடிப்பொடியாக ஏதோ இடறியது. பழக்கம் விடவில்லை. சல்லடையைத் தூக்குவது போல அதைச் சூரியனுக்கு நேரே தூக்கினாள்.

காகிதம் முழுக்க ஊசிக்குத்து. ஆயிரம் துளை, ஆயிரம் துளியாக வெயில். அத்தனையும் மாயவனின் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தன. ஒரு பையன் குனிந்து தொட்டியைக் கலக்குகிறான். தோளில் ஒரு குருவி. நடுவில் ஒரு புன்னைப்பூ.

மாயவன் தன் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது நான்" என்றான். "நான் பாடிக்கொண்டே கலக்குவேன். குருவி வந்து உட்காரும்." பிறகு கேட்டான்: "யார் செய்தது?"

"கண்ணால் பார்த்துக் குத்தியது இல்லை, பெரியவரே. விரலால் தடவித் தடவிக் குத்தியிருக்கிறார்கள். உங்க தெருவில் கண் தெரியாதவர் யாராவது இருந்தார்களா?"

"காந்தள்" என்றான். "பூ கட்டுகிற பெண். நான் பாடுவதைத் தெருமுனையிலிருந்து கேட்பாள். குருவியைப் பற்றி அவளிடம் நான்தான் சொன்னேன்."

அப்போது அவன் கண்ணிலிருந்து வழிந்த நீர் கையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நீலம் கரைந்தது. கயிற்றில் தொங்கிய மடல்களிலும் கரைந்தது. மயிலுக்குப் பச்சை வந்தது, மீனுக்கு வெள்ளி வந்தது. ஆயிரம் மடலும் படபடவென்று கதவுவழியாகப் பறந்து, தாழைநகரின் ஆயிரம் பெட்டிகளுக்குப் போயின. காகம் தன் இறக்கையைப் பார்த்தது. கன்னங்கறுப்பு. "கா!" என்று கத்திவிட்டுச் சொந்தக்காரர்களைத் தேடிப் பறந்தது.

கோதை வீடு திரும்பியபோது எயினன் வாசலில் நின்றிருந்தான்.

"மூன்று நாளாக எங்கே போனாய் கோதை? என் சமையலை நானே சாப்பிட வேண்டியதாயிற்று."

"எப்படி இருந்தது?"

"உன் அருமை தெரிந்தது."

அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் மூன்று நாள் பேச்சையும் சேர்த்துப் பேசினாள்.

மறுநாள் புன்னை பூத்தது. கிழவன் மடலில் இருந்த பூவைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான். காந்தளுக்கு அறுபத்தெட்டு வயது. செக்காட்டுகிற ஒருவரைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, அவரும் காலமாகி, இன்னும் அங்கேதான் பூ கட்டிக்கொண்டிருந்தாள். காகிதப் பூவை அவள் கையில் வைத்தான்.

ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தாள் அவள்.

"சாத்தனா?"

"ஆமாம்."

"ஒரு பூவை வெட்ட ஐம்பது வருஷமா?"

"இருட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன்."

"நான் இருட்டில் இருந்துதானே செய்தேன்" என்றாள் காந்தள். சற்று நகர்ந்து அவனுக்குப் பலகையில் இடம் விட்டாள்.

சாத்தன் அந்த வீட்டுச் சுவரில் நான்கு ஜன்னல் வைத்தான். ஏழு வருஷம் ஊருக்குச் சேலைகளும் வேட்டிகளும் தோய்த்துக் கொடுத்தான். எட்டாம் வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனான்.