சப்பணமிட்டு நீந்திய புலவர்

முன்னொரு காலத்தில், மன்னர்களுக்குப் பொழுது போகாவிட்டால் சட்டம் போடுகிற காலத்தில், ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னர் மணிமகுடர் ஒருநாள் ஆணையிட்டார்: அரண்மனைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சப்பணமிட்டு அமர்ந்து, ஒப்பித்துத்தான் படிக்க வேண்டும். தவறும் பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை. இந்த யோசனையைக் காதில் ஓதியவர் ஆசிரியர் தண்டபாணிப் புலவர்.

முதலில் மாட்டிக்கொண்டது மன்னரின் மகள் செங்கமலம். உட்கார வைத்தால் ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு அடியோடு மறந்துவிடும். பள்ளியை விட்டுப் போகணுமே என்று அவள் அழுத அழுகை, கதை சொல்கிற எனக்கே பொறுக்கவில்லை.

அரசவை விகடகவி அல்லிமுத்து பரிந்து பேசினான். "மன்னா, இளவரசிக்கு வேறு வழியில் சொல்லித் தரலாமே."

புலவருக்கு அவன்மேல் ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "அப்படியானால் நாளைக்குள் இவனே கற்பிக்கட்டும், வேந்தே! முடியாவிட்டால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுவோம்."

"சம்மதம்" என்றான் அல்லிமுத்து. "அதற்குமுன் புலவரின் முறையை நான் பார்க்க வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. அதைக் கற்பிக்கட்டும்."

"இவ்வளவுதானா?" புலவர் சப்பணமிட்டு அமர்ந்தார். "கையை வீசு, காலை உதை, மூச்சை அடக்கு!" அல்லிமுத்து ஒப்பித்தான். சபையே ஒப்பித்தது. மன்னரும் தலையாட்டி ஒப்பித்தார்.

"எல்லோரும் தேறிவிட்டோம்!" என்றான் அல்லிமுத்து. "குளத்துக்குப் போகலாம். ஆசிரியர் முதலில் இறங்கட்டும்."

"ஐயையோ, எனக்கு நீந்தத் தெரியாதே!"

"ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தீர்களே? ஆணைப்படி சப்பணமிட்டே நீந்துங்கள்."

மன்னர் கண்ணசைத்தார். சபையே பின்தொடர, இரண்டு காவலர்கள் புலவரைச் சப்பணமிட்டபடியே தூக்கிக்கொண்டு போய்க் குளத்துத் தண்ணீரில் வைத்தார்கள். "செத்தேன்! காப்பாற்றுங்கள்!" என்று அலறியபடி அவர் எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

"அது கிடக்கட்டும். என் மகளுக்கு வாய்ப்பாடு?" என்றார் மன்னர்.

குளத்துக்கு ஏழு படிகள். "இளவரசி, குதித்துக் குதித்து எண்ணுங்கள்" என்றான் அல்லிமுத்து. இறங்கினாள், ஏழு. ஏறினாள், பதினான்கு. எட்டாம் நடையில் ஐம்பத்தாறு. மறுபடி கேட்டபோது கரையில் நின்று கால்விரலை மட்டும் ஆட்டியபடி கடகடவென்று சொன்னாள்.

மன்னர் குரலைத் தாழ்த்தினார். "ஏழெட்டு ஐம்பத்தாறா? நான் இத்தனை வருஷமாய் ஐம்பத்துநாலு என்றல்லவா நினைத்திருந்தேன்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குதித்தார். மூச்சு வாங்க, விழுந்து விழுந்து சிரித்தார். ஆணையைக் கிழித்துப் போட்டு, முத்துமாலையைக் கழற்றி அல்லிமுத்துவின் கழுத்தில் போட்டார்.

மறுநாளே எட்டாம் வாய்ப்பாட்டுக்காகக் குளத்தில் இன்னொரு படி கட்ட உத்தரவாயிற்று. கல் சுமந்தவர் யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?