செவ்வாய்க்கிழமை ‘இல்லை’

“ஒன்பது வருஷம் பார்த்தாயிற்று, அம்மா. எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போதும்.”

பொன்னுரங்கம் தன் ஏழு நோட்டுகளையும் கொட்டகைச் சாவியையும் மேசைமேல் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர். அவருடைய குரு மரகதவல்லி பதினைந்து வயது இளையவள். மலைமேல் கூரையைத் தள்ளித் திறக்கும் தகரக் கொட்டகை ஒன்றும், அதற்குள் ஒரு தொலைநோக்கியும் அவளுக்கு உண்டு. தொலைதூர விண்மீன் திரள்களில் வெடித்து ஒளிரும் நட்சத்திரத்தை, சூப்பர்நோவாவை, கண்ணால் தேடக் கற்றுக்கொடுப்பாள்.

அவளிடம் ஒரே விதி. புது நட்சத்திரம் தெரிந்தால் எழுத வேண்டும். தெரியாவிட்டாலும் நேரத்தைக் குறித்து ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.

பொன்னுரங்கம் பதினோராயிரம் ‘இல்லை’ எழுதியிருந்தார். இல்லை எழுதும் உத்தியோகம் என்று வீட்டில் பெயரே வைத்துவிட்டார்கள்.

அவளிடம் கற்க வந்து நான்கு மாதம்கூட ஆகாத செபஸ்தியான், மலைப் பேருந்தின் கண்டக்டர், வியாழக்கிழமை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்.

“அதுதான் வருத்தமா, அண்ணா?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“அதுதான். பொய் சொல்வானேன்?”

அவள் சிரித்தாள். செபஸ்தியான் அதைக் கண்ட திரளை அவர் அதற்கு முன் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டாள்.

பொன்னுரங்கம் நோட்டைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை. புதன் முழுக்க மழை.

அந்தப் பக்கத்தில் ‘இல்லை’ என்ற சொல் முதல் வரியில் மட்டும் இருந்தது. அதன் கீழே, வரிக்கு வரி, ‘மேற்படி’ என்பதற்கான இரட்டைக் கோடு. அலுத்துப்போய், கொஞ்ச நாளாக அப்படித்தான் போட்டு வந்தார்.

அந்தத் திரளுக்கு நேரேயும் இரட்டைக் கோடுதான்.

அந்த வெடிப்பின் வெளிச்சம் எந்த நாளில் வந்து சேர்ந்தது என்று பெரிய வானாய்வகம் ஒன்றிலிருந்து கேட்டிருப்பதாக மரகதவல்லி சொன்னாள். வெடித்தது எப்படிப்பட்ட நட்சத்திரம் என்று அதை வைத்துத்தான் கணிப்பார்களாம். நாள் தவறினால் எல்லாமே தவறிவிடும்.

பிறகு அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

“இது கண் பார்த்துப் போட்டதா, கை தானாகப் போட்டதா?”



“பார்க்காமல் போட்டதும் உண்டு, அம்மா. ஞாயிற்றுக்கிழமை நான்கு வரி.”

அவள் கடிந்துகொள்ளவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

அவர் நேரங்களைப் படித்தார். மற்ற வரிகளுக்கு இடையே மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம். இந்த வரிக்கு முன்னால் மட்டும் நாற்பது நிமிஷம்.

மேகம்.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தது ஞாபகம் வந்தது. ஒரு ‘இல்லை’க்காகவா இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டதும், மேகம் விலகியதும், ஒரு முறை பார்த்ததில் நம்பிக்கை இல்லாமல் இரண்டாம் முறை பார்த்ததும்.

“இதைப் பார்த்தேன்.”

“என்ன பார்த்தீர்கள்?”

“ஒன்றும் இல்லை. எப்போதும் இருக்கும் நட்சத்திரங்கள்தான்.”

மரகதவல்லி வாசல் பக்கம் திரும்பி, வெளியே காத்திருந்த செபஸ்தியானைக் கூப்பிட்டாள்.

“அண்ணா பார்த்திருக்கிறார். செவ்வாய், பதினொன்று இருபது. அதுவரை வெளிச்சம் வந்து சேரவில்லை.”

செபஸ்தியான் நோட்டை இரண்டு கையாலும் வாங்கினான். இரண்டு நாளாக எங்கெங்கோ கேட்டுப் பார்த்தானாம். செவ்வாயன்று அந்தத் திரளைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. எட்டுக் கோடி வருஷம் நடந்து வந்த வெளிச்சம், வாசலுக்கு வந்த நாள் தெரியாமலே போய்விடும் என்று பயந்திருந்தானாம்.

பொன்னுரங்கம் பேனா கேட்டார். அவன் கையிலிருந்த நோட்டிலேயே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, பார்க்காமல் போட்ட நான்கு இரட்டைக் கோடுகளையும் அடித்துவிட்டார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ரொம்ப நன்றி, அண்ணே,” என்றான் செபஸ்தியான்.

“எனக்கு எதற்கு? அந்த மேகத்துக்குச் சொல்லு. அதுதான் விலகியது.”