எதையும் நம்பாத கணினி

“எதையுமே நம்பாதேங்குது டீச்சர்,” என்றாள் சகாயராணி.

கடல் இரைந்துகொண்டிருந்தது. விடிந்தும் வெளிச்சமில்லை. காற்றில் செல்போன் கோபுரம் செத்துவிட்டது. மீனவர் சங்க அலுவலகத்துக்குக் கேபிளில் வரும் இணையம் மட்டும் உயிரோடு இருந்தது.

சகாயராணி சங்கத்தின் செயலாளர். ஐம்பதை நெருங்கும் வயதில், ஹமீதாவின் வகுப்பில் சேர்ந்து கணினி கற்றவள்.

ஹமீதாவுக்கு அவளில் பாதி வயது. வகுப்பிலேயே எண்ணித்தான் பேசுவாள். ஆள் அனுப்பியதும் நனைந்துகொண்டே வந்துவிட்டாள்.

வடக்கே போகும் என்றிருந்த புயல் விடியலில் திசை மாறியிருந்தது. கடலுக்குப் போனவர்களுக்கு அது தெரியாது. சகாயராணியின் தம்பி லூர்துவும் அவர்களில் ஒருவன்.

படகுதோறும் செயற்கைக்கோள் வழியே பேசும் ஒரு கருவி உண்டு. சங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று தெரியும். அங்கிருந்தே செய்தியும் அனுப்பலாம்.

அந்தப் பக்கம்தான் திறக்கவில்லை. ‘இந்த இணைப்பு நம்பகமானதல்ல’ என்ற எச்சரிக்கை திரையை மறித்து நின்றது.

சகாயராணி வானிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதே எச்சரிக்கை. செய்தித்தாள் பக்கமும் அப்படியே. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். கணினியை அணைத்துப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

“எவனோ உள்ளே புகுந்து எல்லாத்தையும் கெடுத்துட்டான் டீச்சர்.”

ஹமீதா திரையைப் பார்த்தாள்.

“இன்னிக்கு என்ன தேதிக்கா?”

சகாயராணிக்குச் சுர்ரென்று ஏறியது. தம்பி நடுக்கடலில் கிடக்கிறான், இவள் தேதி கேட்கிறாள்.

“டிசம்பர் மூணு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அதுகிட்டயும் கேளுங்க.”

ஹமீதாவின் விரல் திரையின் கீழ் மூலையைக் காட்டியது.

ஜனவரி ஒன்று. அதுவும் பல வருடங்களுக்கு முந்தைய ஜனவரி.

பழைய கணினி அது. உள்ளே நேரத்தைக் காக்கும் சின்ன பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். ராத்திரி மின்சாரம் போய் வந்ததில் கணினி காலத்தைத் தொலைத்துவிட்டது.

“ஒவ்வொரு தளமும் ஒரு அடையாள அட்டை காட்டும்,” என்றாள் ஹமீதா. “இந்தத் தேதியிலேருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும்னு அதுல இருக்கும்.”

சகாயராணி கொஞ்சம் யோசித்தாள்.

“அந்த வருசத்துல நின்னு பாத்தா, எந்த அட்டையும் இன்னும் பொறக்கவே இல்லையே!”

ஹமீதா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

சகாயராணி தேதியைத் திருத்தினாள். பக்கத்தை மறுபடி அழைத்தாள்.

நீலக் கடல் விரிந்தது. அதன் மேல் பச்சைப் புள்ளிகளாகப் படகுகள்.

வாசலில் காத்து நின்ற மீனவர் குடும்பத்தார் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். சகாயராணி கடவுச்சொல்லைப் போட்டாள், விரல்கள் பறக்கத் தட்டினாள். புயல் திரும்பிவிட்டது, தீவுக்குப் பின்னால் ஒதுங்குங்கள்.

ஒரு புள்ளி திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாக எல்லாமே தீவை நோக்கி நகர்ந்தன. யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள்.

லூர்துவின் படகை மட்டும் காணவில்லை.

சகாயராணி திரையை மேலும் கீழும் தேடினாள்.

வலைக்கடைக்காரர் செல்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேற்று அவர் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்ததாம். கருவி செத்த படகைக்கூட இந்தத் தளம் காட்டுமாம். சங்கத்தின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதுமாம்.

அந்த முகவரியைச் சகாயராணி எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

‘இந்த இணைப்பு நம்பகமானதல்ல.’

கீழே பொடி எழுத்தில், பரவாயில்லை என்றால் தொடரலாம் என்று ஒரு வழியும் விட்டிருந்தது. அவள் கை மவுஸை இழுத்துக்கொண்டு அங்கே போனது.

“இதுவும் அந்தத் தேதிக் கோளாறுதான் டீச்சர். காலையிலேருந்து இது இப்படித்தான் கத்துது.”

“தேதி இப்ப சரியாத்தானக்கா இருக்கு?” என்றாள் ஹமீதா.

சகாயராணியின் விரல் அந்தரத்தில் நின்றது.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தை மூடினாள். என்ன காரியம் செய்கிறாய் என்று செல்வின் கத்தினார். அவள் திரும்பவில்லை. சங்கத்தின் பக்கத்துக்குப் போய், கடைசியாக நகர்ந்துகொண்டிருந்த புள்ளிக்கு ஒரு வரி அனுப்பினாள்.

லூர்துவைப் பாத்தீங்களா?



பதில் வந்தது.

பின்னாலதான் வர்றான். கருவியில தண்ணி ஏறிருச்சு.