மூடுகண்ணாடிக்கு அடியில் பால்

"கோந்து சரியில்லை மேடம்" என்று வந்து நின்றார் இசக்கியப்பன்.

ரத்தப் பரிசோதனைப் பிரிவிலேயே தலை நரைத்தவர். திசுப் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருந்தார். கற்றுக்கொடுக்க வாய்த்த ஜெபக்கனிக்கு அவர் மகள் வயது. வயதென்ன வயது? தெரிந்தவர் குரு, அவ்வளவுதான்.

சதைச் சீவலின் மேல் மெல்லிய மூடுகண்ணாடி வைத்து அவர் ஒட்டுகிற ஸ்லைடெல்லாம் அதற்கு அடியில் பால் ஊற்றினாற்போல் மங்கிவிடும். கோந்தை மாற்றினார். ஆல்கஹாலை மாற்றினார். சைலீன் ஜாடியைக் கழுவிக் காயவைத்தார். பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இப்போது மங்கியிருந்தது ஒரு கைக்குழந்தைக்காரியின் தொண்டைச் சதை. எடுத்ததே கடுகளவு. கடைசிச் சீவல் இந்த ஸ்லைடில்தான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை, மறுபடி வெட்டித்தான் எடுக்கணும் என்றுவிட்டார் டாக்டர். இசக்கியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"என் கையே ராசியில்லாத கை மேடம்."

ஜெபக்கனி வேண்டாத ஸ்லைடு ஒன்றைக் கொடுத்து, வழக்கம்போல் ஒட்டிக் காட்டச் சொன்னாள்.

சைலீனிலிருந்து எடுத்தார். ஓரம் துடைத்தார். தூசி இருக்கக் கூடாதே என்று முகத்தருகே கொண்டுபோய்ப் பதமாக ஊதினார். ரத்தப் பிரிவில் ஸ்லைடை ஊதி ஊதியே காயவைத்த வாய் அது. பிறகு கோந்து விட்டு மூடினார்.

அவள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"அதே மாதிரி இதையும் ஊதுங்கண்ணே."

ஊதினார். ஏசி குளிரில் கண்ணாடி வெளுத்துப்போனது.

இசக்கியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். பார்த்துப் பார்த்து ஈரத்தை அல்லவா உள்ளே வைத்து மூடியிருக்கிறார்!

அந்தப் பெண்ணின் ஸ்லைடை எடுத்து, மூடுகண்ணாடியை ஊசியால் நெம்பப் போனார். ஜெபக்கனி கையைப் பிடித்துக்கொண்டாள். கோந்து கரையட்டுமென்று ஸ்லைடை சைலீனில் போட்டுவிட்டு, அவரை டீ குடிக்கப் போகச் சொன்னாள். மத்தியானத்துக்குள் மூடுகண்ணாடி தானாக வழுக்கிக் கழன்றது. சீவல் அப்படியே இருந்தது. ஈரம் போக ஆல்கஹாலில் முக்கி, மறுபடி சைலீனில் முக்கி, அவரையே ஒட்டச் சொன்னாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினார்.

டாக்டர் பார்த்தார். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, திரும்ப வெட்ட வேண்டாம் என்றார்.

இசக்கியப்பன் ஓடி வந்தார். கண் கலங்கிவிட்டது. அந்தத் தாய்க்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும் அவருக்கு. ஜெபக்கனி அடுத்த ஸ்லைடில் குனிந்திருந்தாள். அவரும் பக்கத்தில் குனிந்து, கை கூப்பி, வாழ்த்த வாயெடுத்தார்.

அவள் ஸ்லைடை உள்ளங்கையால் மறைத்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பி வாழ்த்துங்கண்ணே."