கஞ்சி ஏன் கசந்தது?

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது. ஒரு தாய், ஒரு மகள், ஒரு மாஸ்டர். எல்லோருக்கும் பாசம்தான். ஆனால் ஆளுக்கு ஒன்றை மறைத்தார்கள். கடைசியில் கேள்வி உங்களிடம்தான் வரும், அதனால் கஞ்சி மேல் ஒரு கண் இருக்கட்டும்.

செல்லக்கனியின் மகள் பேச்சி ஓட்டக்காரி. பனிக்காலம் வந்தால் அவளுக்கு மூச்சு முட்டும் இளைப்பும் வந்துவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டால் அடங்கும். ஆனால் அது போட்டியில் தடை செய்த மாத்திரை. நோய்க்காகச் சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே கேட்டால் அனுமதி கொடுப்பார்கள். ஓட்டம் பழக்குகிற அருள்ராஜ் மாஸ்டர் பேச்சிக்காகக் கேட்டிருந்தார். பதில் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அனுமதி வராம மாத்திரையத் தொடமாட்டேம்மா. மாட்டுனா வருசக்கணக்குல ஓட முடியாது. போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டதும் போச்சு" என்றாள் பேச்சி.

"அப்போ இளைப்பு?"

"அது எப்பவோ போயிட்டு."

போகவில்லை. மாநிலப் போட்டிக்காக மதுரைக்குப் போகும் பஸ்ஸில் பேச்சி அம்மா தோளில் சாய்ந்து தூங்கினாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். சின்ன வயதில் ஒருநாள் இதே சத்தம் சட்டென்று நின்று, பிள்ளையின் உதடு நீலமாகிப் போனது. செல்லக்கனி அதை மறக்கவில்லை.

போட்டியன்று காலையில், தங்கியிருந்த இடத்தில், கையோடு கொண்டுவந்த மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நுணுக்கினாள். கேழ்வரகுக் கஞ்சியில் கொட்டி, மேலே கருப்பட்டியை அள்ளிப் போட்டாள்.

"என்னம்மா, கஞ்சி கசக்கு?"

"கருப்பட்டி அடிப்பிடிச்சிட்டு. பேசாம குடிட்டி."

கடைசிச் சுற்றில் முன்னால் போனவர்களையெல்லாம் தாண்டி பேச்சி ஜெயித்தாள். ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாள்: "எம்மா, மாத்திரை இல்லாமலே ஜெயிச்சிட்டேன்!"

அதற்குள் நீலச்சட்டை போட்ட ஒரு அதிகாரியம்மா வந்து, ஊக்கமருந்துப் பரிசோதனை அறைக்கு அவளைக் கூட்டிப்போனார்.

செல்லக்கனி மாஸ்டரிடம் ஓடினாள். "மாஸ்டர், நான் கஞ்சில மாத்திரையக் கலந்து குடுத்துட்டேன்."

மாஸ்டர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்கக்கா. அனுமதி முந்தாநாளே வந்துட்டு. நான்தான் சொல்லல."

"ஏன் மாஸ்டர்?"

"போன தடவை அனுமதியோட மாத்திரை போட்டு ஓடுனதுக்கு 'மாத்திரை ராணி'ன்னு கேலி பண்ணி அவள அழ வச்சானுவ. இளைப்பு போயிட்டுன்னு அவளும் சொன்னா. சரி, மாத்திரை இல்லாமலே ஜெயிக்கட்டும், ஒரு பய வாயத் தொறக்கமாட்டான்னு நெனச்சேன்."

செல்லக்கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் முழுசாகச் சாத்தாத பரிசோதனை அறைக் கதவு வழியாக உள்ளே நடந்த பேச்சும் காதில் விழுந்தது.

"இந்த வாரம் ஏதாவது மருந்து சாப்பிட்டியாம்மா?"

"இல்ல மேடம். இளைப்பு இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லாம பல்லக் கடிச்சிட்டு ஓடுனேன்."

"சரி, மருந்து இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

செல்லக்கனி கதவுப் பக்கம் போனாள். மாஸ்டர் மறித்தார். "சும்மா இருங்கக்கா. மருந்து இருக்குன்னு வந்தா அனுமதியக் காட்டிக்கிடலாம். அந்தப் புள்ளைக்கு இது தெரியவே வேண்டாம். ஜெயிச்ச சந்தோசத்துல இருக்கட்டும்."

மகள் இளைப்பை மறைத்தாள். மாஸ்டர் அனுமதியை மறைத்தார். தாய் மாத்திரையை மறைத்தாள். சொல்லுங்கள், இதில் யார் மறைத்தது பெரிய தப்பு? செல்லக்கனி அந்தக் கதவைத் தள்ளலாமா, கூடாதா?

விடை: பேச்சி மறைத்தது தன்னுடைய மூச்சை. மற்ற இரண்டு பேர் மறைத்ததும் அவளுடையதைத்தான். அவள் பேருக்கு வந்த அனுமதி, அவள் உடம்புக்குள் போன மருந்து. அவளுடையதை அவளிடமே மறைத்தார்கள். மாஸ்டர் மறைத்ததால் அவளுக்கு மருந்து கிடைக்காமல் போயிருக்கும், அவ்வளவுதான். தாய் மறைத்ததோ, அதிகாரியிடம் உண்மை என்று நம்பிச் சொன்ன பிள்ளையின் வாயில் பொய்யை வைத்துவிட்டது. அதனால் தாய் மறைத்ததுதான் பெரிது. கதவைத் தள்ள வேண்டியவளும் அவள்தான். தள்ளினாள். அதிகாரியம்மாவைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னாள்: "கருப்பட்டி அடிப்பிடிக்கல பேச்சி." கஞ்சி ஏன் கசந்தது என்று பேச்சிக்குப் புரிந்துவிட்டது. 'இல்லை' என்று எழுதியதை அடித்துவிட்டு மாத்திரையின் பேரை எழுதினாள். மாஸ்டர் செல்போனில் இருந்த அனுமதியைக் காட்டினார். மெடல் போகவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பேச்சி வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.