பிலவேந்திரன் கொண்டுவந்த சிடி

தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் மாடியில் மைமூன் லினக்ஸ் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் பிலவேந்திரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வகுப்பில் முதலில் கை தூக்குவது அவர்தான். பதில் முடிவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவதும் அவர்தான்.

ஒரு நாள் மதியம் அவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். அதை நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. மைமூன் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

அவருடைய மனைவி செலினுக்கு இருமல் விடவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் ஒரு சின்ன முடிச்சு தெரிந்தது. சில வருடங்களுக்கு முன்பு வேறு ஏதோ காரணத்துக்காக அவருக்கு நெஞ்சும் வயிறும் சேர்த்து ஒரு ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுவரும்படி டாக்டர் சொன்னார். அப்போதும் முடிச்சு இதே அளவில் இருந்திருந்தால் பயம் குறைவு. இல்லையென்றால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பழைய ஸ்கேன் எடுத்த இடத்தை மூடிவிட்டார்கள். மிஞ்சியிருந்தது அவர்கள் கொடுத்த ஒரு சிடி மட்டும்தான். டாக்டரின் கம்ப்யூட்டரில் சிடி போட வழியில்லை. மறுநாள் காலைக்குள் பென் டிரைவில் வேண்டும் என்றார்.

பிலவேந்திரனின் பழைய கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இருந்தது. ஆனால் அது சிடியைத் திறக்கவில்லை.

என்ன செய்து பார்த்தீர்கள் என்று மைமூன் கேட்டார். அவர் சொல்ல ஆரம்பித்தார். இணையத்தில் கிடைத்த கமாண்டை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்திருந்தார். கோப்புகளின் அனுமதிகளை மாற்றியிருந்தார். ஏதோ ஒரு கோப்பில் நான்கைந்து வரி சேர்த்திருந்தார். சில மென்பொருள்களை அழித்துவிட்டு மறுபடி போட்டிருந்தார். கடைசியில் பெட்டியைத் திறந்து கேபிளையும் மாற்றிவிட்டார். இப்போது டிரைவே இல்லை என்கிறது கம்ப்யூட்டர்.

“முதல் தடவை போட்டப்போ என்ன சொல்லிச்சு?” என்று கேட்டார் மைமூன்.

“என்னமோ எரர்னு வந்துச்சு டீச்சர்.”

“என்ன எரர்?”

பிலவேந்திரனுக்கு நினைவில்லை. திரையில் வந்த எரர் கட்டத்தை உடனே மூடிவிட்டு அடுத்த கமாண்டைத் தேடப் போய்விட்டதாகச் சொன்னார்.

மைமூன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். மாற்றிய கேபிள் பாதிதான் செருகியிருந்தது. அழுத்திவிட்டார். கம்ப்யூட்டரை எழுப்பியதும் டிரைவ் தெரிந்தது. பிலவேந்திரன் சிடியை நீட்டினார். மைமூன் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறொரு சிடியை எடுத்துப் போட்டார். யாரோ எப்போதோ விட்டுப்போன பழைய பாட்டு சிடி அது.

“இது எதுக்கு? என் சிடியைப் போடுங்க” என்றார் அவர்.

பாட்டு சிடி திறந்தது; டிரைவில் கோளாறு இல்லை. மைமூன் அதை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்கேன் சிடியைப் போட்டார். டிரைவ் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. திரையில் ஒரு கட்டம் வந்தது. பிலவேந்திரனின் கை மவுஸுக்குப் போனது. மைமூன் மவுஸைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். கமாண்ட் அடிக்கும் டெர்மினலைத் திறந்து, கணினி தனக்கு நடப்பதைத் தானே சொல்லிக்கொண்டுபோகும் வரிகளை வரவழைத்தார். பிலவேந்திரனைக் கடைசி வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“டிரைவைக் காணோம்னு சொல்லுதா அண்ணாச்சி?”

“இல்லை. ஏதோ ஒரு இடத்தைப் படிக்க முடியலைங்குது.”

“ஒரு இடத்தையா, எல்லா இடத்தையுமா?”

அவர் மறுபடி படித்தார். “ஒரு இடம்தான்.”

சிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். அடிப்பக்கம் மங்கலாக இருந்தது. நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கீறல். காலையில் அதைச் சட்டையால் வட்ட வட்டமாகத் தேய்த்ததாகப் பிலவேந்திரன் சொன்னார். மைமூன் மெல்லிய துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தார். காய விட்டார். காயும் வரை பிலவேந்திரன் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பிறகு மைமூன் டிரைவின் வேகத்தைக் குறைத்தார். வேகமாகச் சுற்றினால்தானே சீக்கிரம் முடியும் என்று பிலவேந்திரன் கேட்டார். மெதுவாகச் சுற்றினால்தான் கீறல் விழுந்த இடத்தைப் படிக்க வரும் என்று சொல்லிவிட்டு மைமூன் ஒரு கமாண்டை அடித்தார். சிடியை அப்படியே பிரதி எடுக்கிற வேலை அது. திரையில் எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின. இனி இதற்கு நம் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழுதான கீபோர்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டு அறையின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் பிலவேந்திரன் கூப்பிட்டார். “டீச்சர், நடுவுல ஒரு இடத்தை விட்டுட்டு முன்னால போயிட்டு இருக்கு.”

“ஆமா. படிக்க வர்றதை முதல்ல படிச்சுடும். வராததுக்கு அப்புறமாத் திரும்பி வரும்.”

“எனக்கு வேண்டியது அந்த இடத்துல இருந்தா?”

“அங்கேதான் இருக்குன்னு யார் சொன்னது?”

பிலவேந்திரன் திரையைப் பார்த்தபடி நின்றார். கீழே பேக்கரியிலிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்தது. எண்கள் மேலும் ஏறின. ஒரு கட்டத்தில் அவை அசையவில்லை. டிரைவுக்குள் ஏதோ உரசுவதுபோல் கேட்டது. காத்துப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். மைமூன் குனிந்து கீழே விழுந்த ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பிலவேந்திரன் மேஜையிலிருந்த கீபோர்டில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திவிட்டார்.

எல்லாம் நின்றது.

மைமூன் நிமிர்ந்து பார்த்தார். பிலவேந்திரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் நிறுத்தினேன். மாட்டிக்கிட்டதோன்னு நினைச்சேன்.” பிறகு தாழ்ந்த குரலில், “போச்சா டீச்சர்?” என்றார்.

மைமூன் எழுந்து வந்து அதே கமாண்டைத் திரும்ப அடித்தார். எண்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

“போகலை அண்ணாச்சி. இது வரைக்கும் எடுத்ததை மறக்காது. நீங்க உட்காருங்க.”

இந்தத் தடவை அவர் உட்கார்ந்தார். கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. டிரைவ் தயங்கியது, உரசியது, அமைதியானது, மறுபடி சுற்றியது. அவர் எழுந்திருக்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் வேலை முடிந்தது. ஏறக்குறைய எல்லாம் வந்திருந்தது. கீறலுக்குக் கீழே கொஞ்சம் மட்டும் வரவில்லை. மைமூன் பிரதியைத் திறந்து காட்டினார். சாம்பல் நிறத்தில் வட்டமான படங்கள் வரிசையாக வந்தன. பிலவேந்திரன் திரைக்கு மிக அருகில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாப் படத்திலும் அவருக்கு முடிச்சு தெரிந்தது. எதிலும் தெரியாதது போலவும் இருந்தது.

“வளர்ந்திருக்கா டீச்சர்?”

“எனக்கு இதைப் படிக்கத் தெரியாது” என்று சொல்லி, படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கையில் கொடுத்தார் மைமூன்.

மறுநாள் காலை டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முடிச்சு அப்போதும் அதே இடத்தில் இருந்தது. அதே அளவில் இருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இருமலுக்கு மருந்து எழுதித் தந்தார். விட்டுப்போன படங்களைப் பற்றிப் பிலவேந்திரன் கேட்டார். அவை வயிற்றுப் பக்கத்துப் படங்கள், இதற்குச் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். பிலவேந்திரன் அதையே இரண்டு தடவை கேட்டார். டாக்டரும் இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நேராக மைமூனிடம் வந்தார். ஆட்டோவை இன்ஜின் ஓடக் கீழே நிற்க வைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். நடந்ததைச் சொன்னார். மைமூனின் முகம் மலர்ந்தது. அல்லாஹ் காப்பாற்றினான் என்றார்.

பிலவேந்திரன் சட்டைப் பையிலிருந்து சிடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

“மீதியையும் எடுத்துக் குடுத்துடுங்க டீச்சர்.”

“எதுக்கு அண்ணாச்சி? டாக்டர்தான் வேண்டாம்னுட்டாரே.”

“பயம் இல்லைன்னு சொல்றாரு. ஆனா ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னும் சொல்றாரு. இது என்ன பதில்? அந்த ஒரு வருஷம் நான் எப்படி இருக்கிறது?” அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். இன்னொரு டாக்டரைப் பார்க்கலாமா, மதுரைக்குக் கொண்டுபோகலாமா, சென்னைக்கே போய்விடலாமா என்று கேட்டார். படங்களை யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். மைமூன் அவர் கேட்டு முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

“செலின் அக்கா எங்கே?”

“கீழே ஆட்டோவுல இருக்கா.”

“டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டு அவங்க என்ன சொன்னாங்க?”

பிலவேந்திரன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். “அவளை நான் கேட்கவே இல்லை” என்றார். கீழே ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.