பேச்சித்தாய் எடுத்து வைத்த வாழ்த்து

அண்ணாச்சி, தப்பு உம்ம பேருலதான். டிசம்பர் இருபதாம் தேதி உம்ம ஜவுளிக்கடைக்கு நான் சேலைக்கட்டு கொண்டுவந்தபோதுதான், வாசலில் நின்று வரவேற்கிற பேச்சித்தாயைக் கூப்பிட்டு மிரட்டினீர்.

"கிறிஸ்துமஸ் வீட்டுக்காரங்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து, பொங்கல் வீட்டுக்காரங்களுக்குப் பொங்கல் வாழ்த்து. ஆளை மாத்திச் சொன்னே, அன்னைக்கே வேலை போச்சு."

முகத்தைப் பார்த்தே பண்டிகையைச் சொல்ல அவள் என்ன ஜோசியக்காரியா?

அவளோ வந்தவர்களுக்குச் சந்தனத்தை நீட்டி, "பண்டிகைக்கு வீட்டுக்கு யாரு வாராவ, அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு மவன் கப்பல்ல இருந்து வாரான்" என்றாள் ஒருத்தி. "தலைப்பொங்கலுக்கு மவளும் மருமவனும் வாராவ" என்றாள் இன்னொருத்தி. அந்தந்தப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லி உள்ளே அனுப்பினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

உமக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் நீரே வாசலுக்கு வந்து நின்றீர்.

"எனக்கு என்ன வாழ்த்து சொல்லுவே?"

"உங்க வீட்டுக்கு யாரு வாராவ, அண்ணாச்சி?"

கடையே உம்ம வாயைப் பார்த்தது. கிறிஸ்தவ வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று, பெத்த மகளை மூணு வருசமா வாசல் மிதிக்கவிடாத மனுசன் என்ன பதில் சொல்லுவீர்?

அவள்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மவளையும் மருமவனையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு வாழ்த்தும் எடுத்து வச்சிருக்கேன்."

அவளை வேலையை விட்டு அனுப்பாமல் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்தீரே, அது போதாது. இன்றைக்குத் தேதி இருபத்துமூணு. போனை எடும், ஓய். மகளைக் கூப்பிடும்.